வாசலிலேயே சொல்ல வேண்டியது

கல்யாணத்துக்குக் கூப்பிட நம்மவர்களிடம் ஆயிரம் முறை இருக்கிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைக்க வேண்டும். பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்க வேண்டும். குங்குமம் கொடுத்து "குடும்பத்தோட முன்னாடியே வந்துடணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் "எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டான்" என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஆனால் கூப்பிட்ட கல்யாணம் நடக்கப் போவதில்லை என்று போய்ச் சொல்ல ஒரு முறையும் கிடையாது. அந்தச் சனியன் பிடித்த வேலைக்குத்தான் சுசீலா, புருஷன் ஸ்ரீனிவாசனோடும் மகள் மஹதியோடும் துபாயிலிருந்து ஒரு கேம்பர் வேனில் கிளம்பியிருந்தாள்.

வேன் ஸ்ரீனிவாசனின் யோசனை. "நேர்ல போய்க் கூப்பிட்டோம். இல்லைங்கிறதையும் நேர்லதான் சொல்லணும். ஃபோன்ல சொன்னா மரியாதை இல்ல" என்றார். சரி, காரிலேயே போய் அவர்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாமே என்று சுசீலா கேட்டதற்கு, "நல்ல சேதி கொண்டுபோனா தங்கலாம். இந்த மாதிரி சேதியைச் சொல்லிட்டு அவங்க மெத்தையிலேயே படுக்க முடியுமா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் சுசீலாவுக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. பின்னால் அதை நினைத்தபோது தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வேனுக்குள் ஒரு குட்டி அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, பின்னால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் படுக்கை, ஓட்டுகிறவர் தலைக்கு மேலே பரண் மாதிரி இன்னொரு படுக்கை. பரண் மஹதிக்கு. சாவியைக் கொடுத்த பாகிஸ்தானி "ஃபேமிலி பிக்னிக், பாய்?" என்று கேட்டபோது, ஸ்ரீனிவாசன் கொஞ்சமும் கூசாமல் "ஹாங், பிக்னிக்" என்றார்.

மஹதிதான் ஓட்டினாள். ஸ்ரீனிவாசனுக்குப் போன வருஷம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து நெடுந்தூரம் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுசீலா பின் இருக்கையில் உட்கார்ந்து மகளின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, வெள்ளை டேப் சுற்றிய சுண்டுவிரல் மட்டும் ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றது.

அந்த விரல்தான் விஷயம். மாப்பிள்ளை ஆதித்யா தோஹாவிலிருந்து வந்திருந்தபோது, ரிசப்ஷனுக்குத் துணி எடுக்க இரண்டு பேரும் பர் துபாயில் மீனா பஜாருக்குப் போனார்கள். அவன்மேல் ஒரு கோட்டு வைத்துப் பார்த்துவிட்டு மஹதி, "தொப்பைக்கு ஒரு சைஸ் கூட எடுக்கணும் போல" என்றாள். கடைக்காரர் சிரித்தார். ஆதித்யாவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, கவுண்டருக்குக் கீழே அவள் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தான். எலும்பு விட்டுப்போனது. அதற்கப்புறமும் நின்று நிதானமாக விலை பேசினான். கடையை விட்டு வெளியே வந்ததும், "இனிமே அடுத்தவன் முன்னாடி என்னை வச்சு ஜோக் அடிக்காத" என்று ரொம்ப மெதுவாகச் சொன்னான்.

"அவன் கோபமே படலைம்மா. அதான் பயமா இருக்கு" என்று மஹதி அன்றைக்குச் சமையலறையில் நின்று சொன்னாள். வாய்விட்டு அழக்கூட அவளுக்கு வரவில்லை.

ஸ்ரீனிவாசனிடம் சொன்னார்கள். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு "சரி, வேண்டாம்" என்றார். "மாப்பிள்ளை வீட்டுல நான் பேசிக்கிறேன். அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்களுக்கு நேர்ல போய்ச் சொல்லிடுவோம்." தை மாதம் திருச்சியில் கல்யாணம். இங்கிருந்து வருகிற ஜனமெல்லாம் லீவு போட்டு, டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தது. மார்கழி பிறந்தாகிவிட்டது.

முதல் வீடு அல் ஐனில், நாகவள்ளி வீடு. முன்பு துபாய் கராமாவில் பக்கத்து ஃபிளாட்டில் இருந்தவள். மஹதிக்கு முதல் பல் விழுந்தபோது அதை வாங்கி டிஷ்யூவில் சுற்றி வைத்தவள். கதவைத் திறந்ததுமே, "ஏனுங்க, இங்க வந்து பாருங்க, கல்யாணப் பொண்ணே வந்திருக்குது" என்று புருஷன் கௌரிசங்கரைக் கூப்பிட்டாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒரு நேரம் வேண்டுமே. வந்ததும் வராததுமாக வாசலில் நின்று அபசகுனமாகப் பேசக் கூடாது. தண்ணீர் கொடுத்துவிட்டார்கள் என்றால் குடித்த வாயால் உடனே சொல்லக் கூடாது. இலை போட்ட பிறகு பேச்சே கூடாது, சாப்பிடுகிறவர்களுக்குத் தொண்டையில் இறங்காது. கிளம்பும்போது கண்டிப்பாகக் கூடாது, நல்ல வார்த்தை சொல்லித்தான் படியிறங்க வேண்டும். இத்தனை கூடாதுகளையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. சுசீலா கண்ணைக் காட்டினாள். ஸ்ரீனிவாசன் "இரு" என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டார்.

"கைக்கு என்னாச்சு கண்ணு?" என்று நாகவள்ளி கேட்டாள்.

"கார் கதவுல மாட்டிக்கிட்டா. கவனமே கிடையாது" என்றார் ஸ்ரீனிவாசன். மஹதி தட்டைப் பார்த்தாள்.

கிளம்பும்போது நாகவள்ளி உள்ளே போய் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கோடு வந்தாள். கல்யாணக் கூட்டத்தில் கொடுத்தால் யார் கொடுத்தது என்றே தெரியாமல் போய்விடும், அதனால் இப்போதே என்றாள். மஹதியின் நெற்றியில் குங்குமம் வைத்து, தாடையைப் பிடித்துக் கொஞ்சினாள். வேன் நகர்ந்ததும், "அவ முகத்தைப் பார்த்தா எனக்குச் சொல்ல மனசே வரலடி" என்றார் ஸ்ரீனிவாசன். சுசீலாவுக்கும் வரவில்லைதான். அதனால் மன்னித்துவிட்டாள். விளக்கு பரணில் ஏறியது.

அங்கிருந்து புஜைரா. வழியெல்லாம் மண்ணும் மொட்டை மலையும், வேலிக்கு அந்தப் பக்கம் அசமந்தமாக நின்ற ஒட்டகங்களும். ஸ்ரீனிவாசன் பழைய பாட்டெல்லாம் போட்டார். மஸாஃபியில் ரோட்டோரச் சந்தையில் நிறுத்தச் சொல்லி மாதுளை வாங்கினார். எதிலும் ஒரு அவசரமில்லை. பார்க்கிறவனுக்கு நிஜமாகவே பிக்னிக் மாதிரிதான் இருந்திருக்கும்.

புஜைராவில் அவருடைய தங்கை விஜி. மஹதிக்குச் சொந்த அத்தை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வருஷக்கணக்காகக் காத்திருந்தவள்போல, அரக்கில் பச்சைக் கரை போட்ட பட்டுப்புடவையை எடுத்து வந்து மஹதியின் தோளில் போட்டுப் பார்த்தாள். மஹதிக்குக் கண் நிறைந்துவிட்டது. விஜி அதைக் கல்யாணப் பெண்ணின் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, "அசடே, புருஷன் வீடு என்ன வேற கிரகமா?" என்று கட்டிக்கொண்டாள்.

இனி தாங்காது என்று சுசீலா வாயைத் திறந்தாள். "விஜி, ஒரு விஷயம் சொல்லணும்."

ஸ்ரீனிவாசனின் கை இடது பக்க நெஞ்சுக்குப் போனது. "சுசீ, அந்த மாத்திரை எங்க வச்ச?"

வீடே அல்லோலகல்லோலப்பட்டது. ஃபேனைப் போடு, சட்டை பட்டனைக் கழற்று, ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று விஜி தவித்துப்போனாள். நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரையைச் சுசீலா எடுத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து மோர் கேட்டார். படியிறங்கும்போது விஜி சுசீலாவைத் தனியாக இழுத்து, "அண்ணி, கல்யாணம் முடியுற வரைக்கும் அண்ணனுக்கு எந்த டென்ஷனும் குடுக்காதீங்க. உங்க கையிலதான் இருக்கு" என்றாள். சுசீலா தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்.

வேனைக் கோர்ஃபக்கான் தாண்டிக் கடலோரமாக நிறுத்தினார்கள். ஸ்ரீனிவாசன் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று ஃபோனை எடுத்துக்கொண்டு போனார். நெஞ்சுவலிக்காரர் இப்படி நடக்கலாமா என்று சுசீலாவுக்குத் தோன்றாமல் இல்லை, காற்று நல்லது என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

காலையில் டீ போட எழுந்தபோது பரணைப் பார்த்தாள். குத்துவிளக்குப் பெட்டி, பட்டுப்புடவைப் பெட்டி, விஜி கட்டிக் கொடுத்த சீர்ச் சாமான், இத்தனைக்கும் நடுவில் மஹதி காலை மடக்கிச் சுருண்டு படுத்திருந்தாள். நீட்ட இடமில்லை. டேப் சுற்றிய விரல் தலையணையில் தனியாகக் கிடந்தது.

"எடுத்துக் கீழ வைக்கட்டுமாடி?"

"கீழேயும் இடமில்லம்மா" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

சுசீலா வெளியே வந்து, மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த புருஷனிடம் டீயை நீட்டினாள். "இன்னிக்குச் சித்தீக் வீட்டுலயாவது சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்றேன்னுதானே வந்திருக்கேன். நொய் நொய்னு நச்சரிக்காத." கை மறுபடி நெஞ்சருகே போனது. சுசீலா வாயை மூடிக்கொண்டாள். பேசினால் புருஷன் போய்விடுவார், பேசாவிட்டால் மகள் போய்விடுவாள் என்று அவளுக்கு நெஞ்சை அடைத்தது. அவளுக்கு நெஞ்சை அடைத்தால் கொடுப்பதற்கு யாரிடமும் மாத்திரை இல்லை.

முகம்மது சித்தீக் வீடு ராஸ் அல் கைமாவில். ஸ்ரீனிவாசன் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரே ரூமில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர்கள். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து சித்தீக் வந்ததும் சாப்பாடு. இவர்களுக்கென்றே தனியாக எடுத்து வைத்திருக்கிற பாத்திரத்தில் அஸ்மத் பீவி சைவ பிரியாணி செய்திருந்தாள். அந்தப் பாத்திரத்தில் அவள் வேறெதையும் சமைப்பதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷியிடம் போய் எந்த வாயால் சொல்வது என்று சுசீலா மறுகினாள்.

சித்தீக் பிரியாணியைப் பிசைந்துகொண்டே, "இவன் தொல்லை தாங்கலம்மா தங்கச்சி" என்றார். "முந்தாநாளும் ஃபோன், நேத்தும் ஃபோன். டிக்கெட் போட்டியா, போட்டியான்னு. போட்டாச்சுடா, போட்டாச்சு. பொண்ணுக்கு வாப்பா நீயா நானான்னு தெரியாத மாதிரி நாங்க முன்னாடியே வந்து நிப்போம், போதுமா?"

சுசீலாவுக்கு வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது. "நேத்தா?"

"ஆமா, கடலோரமா நிக்கிறோம்னு சொன்னானே. அலைச் சத்தம்கூடக் கேட்டுச்சு."

ஸ்ரீனிவாசன் தயிர்ப்பச்சடிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டார். நிமிரவே இல்லை. சுசீலாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இந்த மனுஷன் சொல்ல முடியாமல் திணறவில்லை. சொல்லக் கூடாது என்றுதான் வேனே எடுத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். வீடு வீடாகக் கூட்டிப் போய், ஒவ்வொருவர் ஆசையையும் அந்தப் பெண்ணின் தலைமேல் ஏற்றி, அவள் வாயாலேயே சரி என்று சொல்ல வைக்கத்தான் இத்தனை ஊர்சுற்றல். பாவி, பெற்ற தகப்பன். அவள் கை சோற்றிலேயே இருந்தது, எடுக்க மறந்துவிட்டது.

அப்போதுதான் அஸ்மத் பீவி மஹதியின் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "என்னாச்சு புள்ள விரலுக்கு?"

ஸ்ரீனிவாசனின் வாய் நிறைய சோறு. அவர் விழுங்குவதற்குள் மஹதி நிமிர்ந்து, அழகாகச் சிரித்து, "கார் கதவுல மாட்டிக்கிச்சு ஆன்ட்டி" என்றாள். "எனக்குக் கவனமே கிடையாது."

சுசீலா தன் மகளைப் பார்த்தாள். இவ்வளவு சரளமாக வருகிறதே. இன்றைக்கு விரலுக்குக் கார் கதவு. நாளைக்குக் கைக்கு பாத்ரூம் வழுக்கும், கன்னத்துக்கு அலமாரி இடிக்கும். தோஹாவில் ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்துகொண்டு, வீடியோ காலில் இதே சிரிப்போடு இவள் சொல்வாள், துபாயில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படியும் அவள் அங்கே எதுவும் சொல்லவில்லை. கையைக் கழுவினாள், சிரித்தாள், அஸ்மத் பீவி கொடுத்த டின்னர் செட் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "வரேன் அஸ்மத்" என்று படியிறங்கினாள். பழக்கம் அப்படி.

சந்து முனையில் வேன் நின்றிருந்தது. மஹதி ஏறி உட்கார்ந்தாள், சாவியைப் போட்டாள், திருப்பவில்லை.

"அம்மா."

"என்னடி?"

"நான் பண்ணிக்கிறேன்மா." முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எல்லாரும் எவ்வளவு ஆசையா இருக்காங்க. நான்தான் ஓவர் ரியாக்ட் பண்றேன் போல. ஒரு தடவைதானே. நான் வாயை அடக்கிட்டு இருந்தா அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்."

பின் இருக்கையில் சுசீலாவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்ரீனிவாசன் பெருமூச்சு விட்டார். சுமை இறங்கிய மூச்சு. "என் தங்கம்" என்று எட்டி மகளின் தலையைத் தடவினார். "பையன் நல்ல பையன்மா. ஏதோ ஒரு கோபம். கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்."

சுசீலா எழுந்தாள். மடியில் இருந்த டின்னர் செட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"எங்கடி போற?"

"அஸ்மத் வீட்டுக்கு. சொல்லிட்டு வரேன்."

"உனக்குப் பைத்தியமா? இவதான் சரின்னுட்டாளே."

"அவ சொன்னா ஆச்சா? அவளுக்கு வேற வழி வச்சீங்களா?"

ஸ்ரீனிவாசனின் கை நெஞ்சுக்குப் போனது. "சுசீ, எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது."

மஹதி பதறித் திரும்பினாள். சுசீலா பெட்டியைக் கீழே வைத்தாள். கைப்பையைத் திறந்து, புட்டியிலிருந்து ஒரு மாத்திரையைத் தட்டி, அவருடைய உள்ளங்கையை விரித்து வைத்து மூடினாள். தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தாள். "நாக்குக்கடியில வச்சுக்குங்க. ரொம்ப வலிச்சா மஹதி ஆம்புலன்ஸைக் கூப்பிடுவா. நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்." பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

அந்தச் சந்து ஒன்றும் நீளமில்லை. நிஜமாகவே வலியாக இருந்தால்? திரும்பிப் போகும்போது அவர் சாய்ந்து கிடந்தால்? புருஷனைக் கொன்றவள் என்று ஊர் சொல்லும், விஜி சொல்லும், ஆயுசுக்கும் தானே சொல்லிக்கொள்வாள். பின்னாலிருந்து மஹதி கூப்பிடுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தாள். பெட்டிக்குள் பீங்கான் தட்டுகள் கிணுகிணுத்தன. ஒரு தடவை திரும்பினால் அப்புறம் நடக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும், அதனால் திரும்பவில்லை. கையில் பெட்டி இருந்ததால் காலாலேயே கதவைத் தட்டினாள்.

அஸ்மத் பீவி திறந்து பெட்டியைப் பார்த்தாள். "என்னக்கா, உடைஞ்சிருக்கா? கடைக்காரன்கிட்ட மாத்திக்கலாம், பில் இருக்கு."

"ஒண்ணும் உடையல. தட்டெல்லாம் நல்லா இருக்கு. கல்யாணம்தான் இல்ல."

அஸ்மத் பீவிக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. "மாப்பிள்ளை வீட்டுல வேணாம்னுட்டாங்களா?"

"இல்ல. நான் வேணாம்னேன்." சொன்ன பிறகுதான் அது உண்மை என்று சுசீலாவுக்கே தெரிந்தது. "அந்த விரல் கதவுல மாட்டல, அஸ்மத். அவன் ஒடிச்சான்."

அஸ்மத் பீவி பெட்டியை வாங்கித் தரையில் வைத்தாள். உள்ளேயிருந்து சித்தீக் "யாரு?" என்று கேட்டார். அவள் சுசீலாவின் கையைப் பிடித்தாள். "உள்ள வாங்கக்கா. ஒரு வாய் தண்ணியாவது குடிங்க."

"வேண்டாம்மா. குடிச்சா உக்காந்துடுவேன். இன்னும் ரெண்டு வீடு இருக்கு."

திரும்பி வரும்போது ஓட்டமும் நடையுமாக வந்தாள். வேன் கதவு அவள் விட்டுப்போன மாதிரியே திறந்து கிடந்தது. மஹதி ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து, இப்போதுதான் வாய்விட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். ஸ்ரீனிவாசன் அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சுசீலா அவர் முன் குனிந்து, மூடியிருந்த உள்ளங்கையைப் பிரித்தாள். மாத்திரை அங்கேயே இருந்தது. வேர்வையில் கொஞ்சம் கரைந்து, உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"வலிக்கலையா?"

அவர் விரல்களை மடக்கப் பார்த்தார்.

"விஜி வீட்டுல?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுசீலா கைக்குட்டையை எடுத்து அவர் உள்ளங்கையைத் துடைத்துவிட்டாள். பிறகு பரணில் எட்டிக் குத்துவிளக்குப் பெட்டியையும் புடவைப் பெட்டியையும் ஒவ்வொன்றாக இறக்கிப் பின் படுக்கையில், அவர் படுக்கிற பக்கத்தில் அடுக்கினாள். முன்னால் வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"எங்கம்மா?" என்றாள் மஹதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"உன் அத்தை வீட்டுக்கு. அங்க போனதும் இன்ஜினை அணைக்காத, நான் வாசல்லயே நின்னு சொல்லிட்டு வந்துடறேன்."